பாட்டியின் கண்ணாடி மேஜை: பாலிஷா, பெயின்ட்டா, தொடாமல் விடுவதா?

சைதைப்பேத்தி | அக்டோபர் 9, இரவு 10.40

சைதாப்பேட்டை வீட்டை விற்றாகிவிட்டது. சாமான் பிரித்ததில் அண்ணன் ஊஞ்சலை எடுத்துக்கொண்டான், எனக்குப் பாட்டியின் கண்ணாடி மேஜை. டிரெஸ்ஸிங் டேபிள்தான், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தாத்தா 1950களில் மவுண்ட் ரோடில் ஓர் ஏலத்தில் எடுத்தாராம். அப்போதே அது பழைய சாமான். தேக்கு என்கிறார்கள். தூக்கிய நான்கு பேரும் நம்புகிறோம்.

மேலே மூன்று சின்ன இழுப்பறை, கீழே இரண்டு பெரியது, நடுவில் சாய்க்கிற மாதிரி ஓவல் கண்ணாடி. உடம்பு முழுக்கக் கறுப்பாக ஒரு பிசுக்கு. மேல்பலகையில் மட்டும் மஞ்சளாகத் தடித்த பூச்சு, வெடித்துச் செதில் செதிலாக நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. கால்களில் ஒரு ஜாண் உயரத்துக்கு வெளுப்பு, ஆணி இருக்கும் இடமெல்லாம் கறுப்புக் கோடு. இடது பக்கச் சின்ன இழுப்பறை திறக்கவே இல்லை. திறப்பவற்றில் பாச்சா உருண்டையும் ஈரமும் கலந்த வாசனை. கண்ணாடியின் வலது ஓரத்தில் பாட்டி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு பதினொன்று அப்படியே இருக்கிறது.

பெரும்பாக்கம் ஃபிளாட்டில் தினமும் புழங்கத்தான் கேட்கிறேன், காட்சிக்கு வைக்க இல்லை. ஹேர் டிரையர், சென்ட், லேப்டாப், சில நாள் காபி. இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். பாலிஷ் போடுபவர் ஒருவர் வந்து பார்த்து, “மிஷின் வெச்சு மொத்தமா சுரண்டிட்டு பி.யு. ஸ்ப்ரே அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும் மேடம்” என்றார். பி.யு. என்றால் பாலியூரிதேன், பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சு. 28 ஆயிரம். கணவர் வெள்ளை பெயின்ட் என்கிறார். அம்மா தொடவே தொடாதே என்கிறாள். செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வெள்ளைச்சுவர் | அக்டோபர் 9, இரவு 11.15

உங்கள் கணவர் கட்சி நான். ஃபிளாட் அறை பத்துக்குப் பதினொன்று இருக்கும். அதில் இவ்வளவு கறுத்த மரத்தை வைத்தால் அறை பாதியாகத் தெரியும். சாக் பெயின்ட் வாங்கி, ஆஃப் ஒயிட்டோ வெளிர் பச்சையோ இரண்டு கோட் அடியுங்கள். அதற்கு மேல் மெழுகோ மேட் வார்னிஷோ. பித்தளைக் கைப்பிடிக்கு அது எடுப்பாக இருக்கும். இரண்டு சனி ஞாயிறு வேலை, செலவும் பத்தில் ஒரு பங்கு.

பெரம்பூர் பட்டறை | அக்டோபர் 10, காலை 6.05

அம்மா, பெயின்ட் அடிப்பதை அடித்துக்கொள்ளலாம். அடித்ததை எடுப்பதுதான் கஷ்டம். தேக்கின் ரேகைக்குள் வெள்ளை இறங்கிவிட்டால் பல் குத்தும் குச்சி வைத்து நோண்ட வேண்டியிருக்கும். நான் நோண்டியிருக்கிறேன்.

முதலில் மேலே என்ன பூச்சு என்று பாருங்கள். கண்ணில் படாத ஓர் இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் (ஆல்கஹால்தான்) நனைத்து அரை நிமிஷம் வைத்து எடுங்கள். பஞ்சு பழுப்பாகி, விரல் பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், என்.சி. தின்னர் என்ற பெயின்ட் கடைக் கரைப்பானுக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷ் அல்லது பி.யு. மேல்பலகையைத் தனியாகச் சோதியுங்கள், உடம்பைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, முழு மரமா, மட்ட மரத்தின் மேலே வினீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டியதா? இழுப்பறையை வெளியே எடுத்து முகப்பின் விளிம்பைப் பாருங்கள். முன்பக்கத்து ரேகை விளிம்பிலும் தொடர்ந்து வந்தால் முழு மரம். ஒரு மெல்லிய கோடாகப் பிரிந்து தெரிந்தால் வினீர். அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மிஷின் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் உள்ளே இருக்கும் மட்ட மரம் பல்லிளிக்கும். 28 ஆயிரம் சொன்னவர் இதைப் பார்த்தாரா?

சைதைப்பேத்தி | அக்டோபர் 10, காலை 7.30

பார்க்கவில்லை ஐயா. மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஓஎம்ஆர் ஒன்பதாம் மாடி | அக்டோபர் 10, காலை 9.20

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டு ரோஸ்வுட் அலமாரி. ஓர் ஆள் வந்து மேலாக உப்புத்தாள் தேய்த்துவிட்டு, பழைய பாலிஷுக்கு மேலேயே பி.யு. அடித்துவிட்டுப் போனார். முதல் இரண்டு மாதம் கண்ணாடி மாதிரி மின்னியது, வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஏப்ரலில் ஒரு மூலையில் நகம் பட்டது. அங்கிருந்து பாலித்தீன் பை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. என் பெண் மீதியையும் உரித்துவிட்டாள், அதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சாதாரண அரக்கில் மெழுகு இருக்கிறதாம். அதன் மேல் பி.யு. பிடிக்காதாம்.

வேதியியல் வாத்தியார் | அக்டோபர் 10, மாலை 5.50

மேலே சொன்னது சரி. அரக்கு என்பது ஒரு பூச்சி மரக்கிளையில் விட்டுப்போகும் பிசின். அதில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு இயற்கையாகவே மெழுகு. கரைசலை அசைக்காமல் கண்ணாடி பாட்டிலில் சில நாள் வைத்தால் மெழுகு அடியில் கலங்கலாகத் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளலாம். மெழுகு நீக்கிய அரக்கின் மேல் பி.யு., வார்னிஷ் எல்லாம் பிடிக்கும். மெழுகு நீக்கிய அரக்கென்றே தனியாகவும் விற்கிறார்கள்.

நம் நாட்டுச் சரக்குதான் இது. ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924லேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. நாம் அதை ஏதோ பிரெஞ்சுக்காரன் கொடுத்தது மாதிரி பிரெஞ்ச் பாலிஷ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரி, அது போகட்டும்.

வெள்ளைச்சுவர் | அக்டோபர் 10, இரவு 9.00

ஆளாளுக்கு மரத்தைச் சாமியாக்கிவிட்டீர்கள். பயன்படாமல் பரணில் கிடப்பதைவிட பெயின்ட் அடித்துப் பயன்படுத்துவது மேல் இல்லையா? எத்தனை வீட்டில் “பாட்டி ஞாபகம்” என்று வைத்து, அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறார்கள், தெரியாதா?

பெரம்பூர் பட்டறை | அக்டோபர் 11, காலை 5.55

தம்பி சொல்வதில் பாதி நியாயம். பிளைவுட் மேஜை, ரெண்டாந்தர மரம், ஏற்கெனவே பெயின்ட் அடித்தது என்றால் நானே பெயின்ட் அடி என்பேன். இது அப்படியா என்று தெரியாமல் டப்பாவைத் திறக்காதே என்பதுதான் என் பேச்சு.

சைதைப்பேத்தி | அக்டோபர் 13, மதியம் 1.10

சோதனை முடிந்தது. பக்கப் பலகைகள், இழுப்பறை முகப்பு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஸ்பிரிட் பட்டதும் பஞ்சு டீ டிகாக்‌ஷன் மாதிரி ஆனது. அரக்குதான். மேல்பலகை ஸ்பிரிட்டுக்கும் அசையவில்லை, தின்னருக்கும் அசையவில்லை. அம்மாவிடம் கேட்டேன். எண்பதுகளில் அத்தை கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தாத்தா மேல்பலகைக்கு மட்டும் வார்னிஷ் அடிக்கச் சொன்னாராம்.

விளிம்பு பார்த்தேன், முழுத் தேக்கு. ஆனால் இழுப்பறையின் அடிப்பலகை வேறு ஏதோ வெளுத்த மரம், அதில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். பின்பலகையிலும் கால்களின் உள்பக்கமும் பழைய பச்சை எனாமல் பெயின்ட்.

அரக்கின் மேலிருந்த பிசுக்கைத் துடைக்கும்போது ஒரு கையகல இடத்தில் நிறம் வெளியே வந்தது. நான் இவ்வளவு நாளாக அது கறுப்பு மேஜை என்றே நினைத்திருந்தேன். கருப்பட்டிப் பாகு நிறம்.

வேதியியல் வாத்தியார் | அக்டோபர் 13, மாலை 6.15

பச்சைப் பெயின்ட்டில் உப்புத்தாள் வைக்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதியே 2016ல்தான் வந்தது, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்தது எதுவானாலும் சந்தேகப்படுங்கள். காய்ந்த தூள் தரையில் படியும், தவழும் பிள்ளை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஹீட் கன்னும் வேண்டாம்.

அந்தப் பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கிறதா? அப்படியென்றால் அதன் மேலேயே ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள். பின்பக்கம்தானே. உரிகிறது என்றால் பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு வழித்து, பேப்பரில் சுற்றிக் கட்டுங்கள். மொட்டை மாடியில் செய்யுங்கள், பூட்டிய அறையில் அந்த வாசனை ஆபத்து. பையன் பக்கத்தில் வரவே கூடாது.

பெரம்பூர் பட்டறை | அக்டோபர் 14, காலை 6.20

நல்ல சேதி, உடம்பைச் சுரண்டவே வேண்டாம். அரக்கில் ஒரு வசதி உண்டு: பழையதன் மேல் புதியது போட்டால் ஸ்பிரிட்டில் இளகி இரண்டும் ஒன்றாகிவிடும். வெடிப்பு இருந்தாலும் ஸ்பிரிட்டை மெல்ல ஒரு தடவை ஓட்டினால் கூடிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுங்கள். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள், அது அரக்கைத் தொடாது. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் அறுபது வருஷமாகக் கையிலிருந்து மேஜைக்குப் போயிருக்கிறது, ஒரே நாளில் வராது.

ஆனால் இப்போது பாலிஷைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை முடியட்டும். அடைமழையில் ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் இறங்கி, மூடுபனி மாதிரி வெள்ளையாக நின்றுவிடும். பொங்கல் கழித்து, காலை பதினொரு மணிக்கு மேல் வேலையை ஆரம்பியுங்கள். அதுவரை துடைக்கவும், ஒட்டவும், பூச்சி பார்க்கவும் வேலை இருக்கிறது.

பூச்சிக்கு: இழுப்பறைகளைக் கறுப்பு சார்ட் பேப்பரில் ஒரு வாரம் வையுங்கள். மாவு மாதிரி புதிதாகக் கொட்டினால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறான். தேக்கின் வைரத்தை அவன் தொட மாட்டான். உள்ளே போடுகிற மட்ட மரத்தைத்தான் தின்பான்.

ஓஎம்ஆர் ஒன்பதாம் மாடி | அக்டோபர் 14, காலை 8.45

ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும் என்று ஒரு வீடியோ பார்த்தேனே?

வேதியியல் வாத்தியார் | அக்டோபர் 14, காலை 10.00

அரக்கு இருக்கும் பலகையில் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே பிசுபிசுத்து நிற்கும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வேறு மரத்துக்குத் தேய்த்தாலும் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

சைதைப்பேத்தி | நவம்பர் 21, இரவு 11.30

மழையில் மாட்டிக்கொண்ட ஆறு வாரக் கணக்கு.

பிசுக்கு எடுக்க நான்கு ஞாயிறு ஆனது. இரண்டு இழுப்பறை அடிப்பலகையில் புதிதாக மாவு கொட்டியது. வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில் தேக்குப் பலகை அறுத்து வாங்கி மாற்றிவிட்டேன். மற்ற ஓட்டைகளில் ஊசி வைத்து மரப்பூச்சி மருந்து ஏற்றினேன்.

திறக்காத இழுப்பறை கடைசியில் திறந்தது. பக்கத்து இழுப்பறையை எடுத்துவிட்டு, அந்த வழியாகக் கையை விட்டுப் பின்னாலிருந்து தள்ளினேன். பலகை உப்பியது பாதிக் காரணம்தான். உள்ளே ஒரு கண்மை டப்பா சாய்ந்து மேல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அதோடு ஒரு சாந்துக் குப்பி, காய்ந்து கல்லாகியிருந்தது, இரண்டு கொண்டை ஊசி, ரேஷன் கடை ரசீது. அடிப்பலகையில் சாந்து கொட்டிய கறை, அரையணா அளவுக்குச் சிவப்பாக. அதை நான் எடுக்கப் போவதில்லை, யாரும் வழி சொல்ல வேண்டாம்.

கேள்விகள் இரண்டு. அந்த இழுப்பறையின் மூலைகள் ஆடுகின்றன, ஃபெவிகால் விட்டேன், ஒட்டவில்லை. கால்களில் அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு என்ன செய்வது?

பெரம்பூர் பட்டறை | நவம்பர் 22, காலை 6.10

அந்தக் காலத்து மூட்டெல்லாம் வச்சிரம் போட்டு ஒட்டியது. மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசை. அதன் மேல் ஃபெவிகால் பிடிக்காது. வெந்நீரில் துணி நனைத்து மூட்டில் வைத்தால் வச்சிரம் இளகும், வழித்து எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட்டு அப்புறம் ஃபெவிகால் போடுங்கள். கயிற்றால் கட்டி ஒரு நாள் விடுங்கள். ஆணி அடித்துவிடாதீர்கள். அடித்தீர்களென்றால் அடுத்த வெள்ளத்துக்கு அடுத்த கறுப்புக் கோடு.

வேதியியல் வாத்தியார் | நவம்பர் 22, காலை 9.40

கறுப்புக் கோடு ஆணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் தண்ணீரில் சேர்ந்து உண்டானது. பழைய காலத்து எழுத்து மை செய்த அதே முறை. ஆக்ஸாலிக் அமிலம் அதை எடுக்கும். பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் தூளாகக் கிடைக்கும். வெந்நீரில் கரைத்து, பூச்சு இல்லாத இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தடவுங்கள். காய்ந்ததும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கையுறை கட்டாயம். அது விஷம், டப்பாவைப் பையனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காய்ந்த பிறகு அதன் மேல் உப்புத்தாள் தேய்த்தால் முகக்கவசம் போடுங்கள், தூள் மூக்கை அறுக்கும்.

வெள்ளைச்சுவர் | நவம்பர் 22, மதியம் 12.30

சாந்துக் கறை விஷயத்தில் நான் தோற்றேன். பெயின்ட் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மேல்பலகைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அரக்கு போட்டால் சென்ட் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. சென்ட் முழுக்க ஆல்கஹால்தானே. கொரோனா சமயத்தில் சானிடைசர் பாட்டில் வைத்து எங்கள் வீட்டு டீப்பாய் பாலிஷில் வட்டம் வட்டமாக விழுந்தது.

பெரம்பூர் பட்டறை | நவம்பர் 22, மாலை 4.00

கண்ணாடி போட்டு மூடிவிடலாம்.

ஓஎம்ஆர் ஒன்பதாம் மாடி | நவம்பர் 22, மாலை 4.20

ஐயா, மே மாதத்தில் அரக்கின் மேல் கண்ணாடி போட்டால் ஒட்டிக்கொள்ளாதா?

பெரம்பூர் பட்டறை | நவம்பர் 23, காலை 6.00

ஒட்டும். சூட்டில் அரக்கு இளகும், கனமும் அழுத்தும், எடுக்கும்போது பாலிஷோடு வரும். மூலைக்கு மூலை ரப்பர் பொட்டு வைத்துத் தூக்கி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இடுக்கில் எறும்பு குடியேறும், அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச்சுவர் தம்பி சொன்னதுதான் சரி, மேல்பலகை மட்டும் வேறு மாதிரி செய்ய வேண்டும். ஏற்கெனவே அரக்கு இல்லாத பலகை அது. வார்னிஷை எடுத்துவிட்டு, வாத்தியார் சொன்ன தெளிந்த அரக்கு ஒரு கோட், அதன் மேல் மேட் பி.யு. மூன்று கோட். பளபளப்பு வேண்டாம், பக்கத்துப் பலகையோடு சேராது.

பி.யு.வை நான் திட்டிக்கொண்டே இருந்தவன். சூடும் சென்ட்டும் படும் இடத்துக்கு அதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவைதான்.

சைதைப்பேத்தி | பிப்ரவரி 16, இரவு 9.50

முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்பலகை வார்னிஷை ரிமூவர் தடவி எடுத்தேன். பிறகு 120, 180, 220 என்று நம்பர் ஏற ஏற நைசாகும் உப்புத்தாள், எல்லாம் கையால், ரேகையின் போக்கிலேயே. ஒரே ஒரு இடத்தில் குறுக்கே தேய்த்துவிட்டேன், பாலிஷ் ஏறியதும் அந்தக் கீறல் மட்டும் கத்திக் கூப்பிட்டது. திரும்ப முதலிலிருந்து செய்தேன்.

அரக்கு லிட்டருக்கு 200 கிராம் என்று ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறவைத்து, கண்ணாடி பாட்டிலில், பழைய வேட்டியில் வடிகட்டினேன். முதலில் ஒரு தகர டப்பாவில் கலந்தேன், மறுநாள் சேறு மாதிரி கறுத்திருந்தது. இரும்பு ஆகாதாம், அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை! பஞ்சை வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, நனைத்துப் பிழிந்து, பலகையில் ஓட்ட வேண்டும். கை நின்றால் அந்த இடத்தில் பொட்டலம் ஒட்டிக்கொண்டு தடம் விழும். விமானம் இறங்கி ஏறுகிற மாதிரி விளிம்புக்கு வெளியிலிருந்து வந்து விளிம்புக்கு வெளியே போக வேண்டும். முதல் பக்கப் பலகை பார்க்கவே கண்றாவி. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன், அதுதான் அரக்கில் எனக்குப் பிடித்தது. மூன்றாவது பலகையில் கை பழகிவிட்டது. மொத்தம் ஆறேழு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று தடவை. சமையலறை அடுப்பு, சாமி விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் திறந்து.

இழுப்பறை உள்பக்கமும் ஒரு கோட் அரக்கு போட்டதில் அந்த வாசனை அடங்கிவிட்டது. ஓடுகிற சட்டத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தேன், ஒரு விரலால் இழுக்கலாம். பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றி எடுத்து மேலாகப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா வந்து, “இன்னும் நல்லா தேய்” என்றாள். தேய்க்கவில்லை. கால்களில் கோடு மங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. வெளுப்பும் ஒரு சாயல் தெரிகிறது.

கண்ணாடியில் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, மாற்றவில்லை. கிளீனரை நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்கிறேன், ஓரம் வழியாக ஈரம் உள்ளே போனால் ரசம் இன்னும் போகுமாம். பொட்டில் ஏழு மிஞ்சியிருக்கிறது. நான்கைப் பையன் எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டான்.

அவன் இழுப்பறையைத் திறந்து ஏற ஆரம்பித்துவிட்டதால் பின்னால் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு மாட்டியாயிற்று. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்யுங்கள். பின்பலகையில் ஓர் ஓட்டை போட்டு ஒயர் விட்டிருக்கிறேன், பச்சைப் பெயின்ட்டை ஈரமாக்கிவிட்டுத்தான் டிரில் போட்டேன், வாத்தியார் சார்.

செலவு கூலி இல்லாமல் ஒன்பதாயிரத்துச் சொச்சம். என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்த்தால் அந்த 28 ஆயிரமே லாபம்.

வெள்ளைச்சுவர் | பிப்ரவரி 16, இரவு 10.05

அறை பாதியாகத் தெரிகிறதா?

சைதைப்பேத்தி | பிப்ரவரி 16, இரவு 10.12

கொஞ்சம் தெரிகிறது. சுவரை வெள்ளையடித்துவிட்டோம்.

ஓஎம்ஆர் ஒன்பதாம் மாடி | பிப்ரவரி 17, காலை 8.30

கரைத்த அரக்கு மிச்சம் இருக்கிறதா? நீங்கள் பெரும்பாக்கம், நான் சோழிங்கநல்லூர். உரிந்த அலமாரி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

சைதைப்பேத்தி | பிப்ரவரி 17, காலை 8.41

முக்கால் லிட்டர் இருக்கிறது. சனிக்கிழமை வாருங்கள்.

பெரம்பூர் பட்டறை | பிப்ரவரி 17, காலை 8.55

பாட்டிலில் கலந்த தேதி எழுதி ஒட்டிக் கொடுங்கள். ஆறு மாதம் தாண்டினால் ஒரு துண்டுப் பலகையில் போட்டுப் பார்க்க வேண்டும், பழசாகிவிட்டால் காயாது. அலமாரியின் பி.யு.வை முழுக்க எடுக்காமல் பொட்டலத்தைக் கையில் எடுக்காதீர்கள். போட்டோ போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.